தாடையைப் பிடித்த கை: குறட்டைக்குப் பல் டாக்டர் வைத்தியம் வந்த கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் குறட்டையைப் பத்தி. சிரிப்பு வரும்னு தெரியும். அதனாலதான் இதை எடுத்தேன்.

எங்க வீட்டுல அப்பாவோட குறட்டை ரொம்ப ஃபேமஸ். சின்ன வயசுல நானும் தங்கச்சியும் அதை மிமிக்ரி பண்ணிக் காட்டி, வர்ற சொந்தக்காரங்ககிட்ட கைதட்டு வாங்குவோம். அம்மா மட்டும் சிரிக்க மாட்டாங்க. ஏன்னு போன வருஷம்தான் கேட்டேன்.

"சத்தம் வர்ற வரைக்கும் கவலை இல்லடா. சத்தம் நிக்கும் பாரு, அப்பதான் பயம். திரும்ப மூச்சு விடுற வரைக்கும் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே படுத்திருப்பேன்."

எவ்வளவு நாளா எண்றீங்கன்னு கேட்டேன். "நீ பத்தாவது படிக்கிறப்போ இருந்து."

அதுக்கப்புறம் அப்பாவைத் தூக்கப் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போனோம். உடம்பு முழுக்க ஒயர் ஒட்டி, ராத்திரி பூரா ரெக்கார்ட் பண்ணாங்க. ரிப்போர்ட்ல வந்த எண் 24. அதாவது தூங்குற ஒவ்வொரு மணி நேரத்திலயும் சராசரியா 24 தடவை மூச்சு நின்னுருக்கு, இல்ல கணிசமா குறைஞ்சிருக்கு. முகத்துல மாஸ்க் மாட்டிக் காத்து அடிக்கிற மெஷின் ஒண்ணு கொடுத்தாங்க. மூணு வாரம் போட்டார். நாலாவது வாரம் அது பீரோ மேல ஏறிடுச்சு. திரும்பப் போனப்போ டாக்டர் சொன்னார்: "சரி, ஒரு பல் டாக்டரைப் பாருங்க."

தொண்டையில இருக்கிற பிரச்சனைக்குப் பல் டாக்டர் எதுக்கு? இந்தக் கேள்வியோட உட்கார்ந்து தேட ஆரம்பிச்சேன். அது என்னை 150 வருஷம் பின்னாடி, நார்வேல ஒரு ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் கூட்டிட்டுப் போச்சு.

முதல்ல, உள்ள என்ன நடக்குது

மூக்குல இருந்து நுரையீரல் வரைக்கும் காத்து போற பாதையில பெரும்பகுதிக்கு எலும்போ குருத்தெலும்போ காவல் இருக்கு. மூக்குக்கு எலும்பு, மூச்சுக்குழாய்க்கு வளையம் வளையமா குருத்தெலும்பு. நடுவுல இருக்கிற தொண்டைப் பகுதிக்கு மட்டும் அப்படி எதுவும் இல்லை. அது முழுக்கச் சதை. பேசவும் முழுங்கவும் அது நெகிழ்வா இருக்கணும். விழிச்சிருக்கும்போது தசைகள் அதைத் திறந்து வச்சிருக்கும். தூங்கினா தசை தளரும். நாக்கு பின்னாடி சரியும், பாதை சுருங்கும். சுருங்கின பாதையில காத்து போறப்போ சதை அதிர்ற சத்தம்தான் குறட்டை.

பாதை முழுக்க மூடிக்கிட்டா சத்தமே வராது. நெஞ்சு ஏறி இறங்கும், ஆனா காத்து உள்ள போகாது. இரத்தத்துல ஆக்சிஜன் இறங்கும். மூளை ஒரு நொடி விழிச்சு தசையை இறுக்கும். பாதை படக்குனு திறக்கும், பெரிய சத்தத்தோட மூச்சு வரும், மறுபடி தூக்கம். காத்து குறைஞ்சது 10 நொடி நின்னா அதை ஒரு அப்னியான்னு கணக்கு வைப்பாங்க. கிரேக்க மொழியில அந்த வார்த்தைக்கு மூச்சில்லாமைன்னுதான் அர்த்தம். காலையில தூங்கினவருக்கு இது எதுவும் ஞாபகம் இருக்காது.

இங்க ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க. நாக்கின் முக்கியமான தசை, கீழ்த்தாடையின் முன்பக்கம், உட்புறத்துல ஒட்டியிருக்கு. தாடையை முன்னாடி நகர்த்தினா நாக்கும் கூடவே முன்னாடி வரும். பல் டாக்டர் இந்தக் கதைக்குள்ள வர்ற வாசல் இதுதான்.

1874: ரெண்டு கை

1847ல எடின்பரோவுல ஜேம்ஸ் சிம்ப்சன் குளோரோபார்மைப் பிரபலமாக்கினார். வலி தெரியாம ஆபரேஷன் பண்ண முடிஞ்சது. கூடவே ஒரு தொல்லையும் வந்தது. மயக்கத்துல நோயாளியின் நாக்கு பின்னாடி விழுந்து மூச்சு அடைச்சது. அதுக்கு அப்போ இருந்த வழி, நாக்கை இடுக்கியால பிடிச்சு வெளியே இழுக்கிறது.

1874ல கிறிஸ்டியானியா நகரத்துல (இன்னைக்கு அதுக்குப் பேர் ஆஸ்லோ) ஜேக்கப் ஹைபெர்க்னு ஒரு சர்ஜன் வேற வழி எழுதினார். நோயாளியின் தலைமாட்டுல நில்லுங்க. ரெண்டு கை விரலையும் காதுக்குக் கீழ தாடையின் மூலையில வைங்க. தாடையை முழுசா முன்னாடி தள்ளுங்க. அவ்வளவுதான். இடுக்கி வேண்டாம், இரத்தம் வராது.

மூணு வருஷம் கழிச்சு, 1877ல, ஜெர்மனியில பிரெடரிக் ஃபான் எஸ்மார்க் இதைத் தன் போர்க்கள அறுவை சிகிச்சைப் புத்தகத்துல சேர்த்தார். அவர் கீல் நகரத்துப் பேராசிரியர், போர்ல காயம்பட்டவங்களைப் பார்த்த ராணுவ சர்ஜன், ஜெர்மனியில முதலுதவி வகுப்புகளைப் பரப்பினவர். அதனால அந்தப் பிடி அவர் பேர்லயே நிலைச்சிடுச்சு. இன்னைக்கும் மயக்க டாக்டர்கள் தினமும் செய்ற முதல் காரியங்கள்ல இது ஒண்ணு.

ஆக, 1870கள்லயே மருத்துவத்துக்கு இது தெரியும்: மயங்கினவருக்கு நாக்கு விழுந்தா மூச்சு நிக்கும், தாடையை முன்னாடி பிடிச்சா திரும்ப வரும். இதே விஷயம் சாதாரணத் தூக்கத்துலயும் ராத்திரி பூரா நடக்குதுன்னு புரிய இன்னும் 90 வருஷம் ஆச்சு. ஏன்? ஆபரேஷன் தியேட்டர்ல மூச்சைக் கவனிக்க ஒரு டாக்டர் பக்கத்துலயே நின்னார். வீட்டுல தூங்குறவர் பக்கத்துல இருந்தது மனைவி. அவங்க எண்ணினதை யாரும் எழுதி வைக்கலை.

பல் பக்கம் வந்த தாடை

இந்த நேரத்துல பல் வைத்தியத்துல தனியா ஒரு கதை ஓடிட்டு இருந்தது. 1902ல பாரிஸ்ல பியேர் ராபின்னு ஒரு பல் மருத்துவர் "மோனோப்ளாக்"னு ஒரு கருவி பண்ணார். மேல் பல்வரிசையையும் கீழ் பல்வரிசையையும் ஒரே கட்டையா சேர்த்துப் பிடிச்சு, கீழ்த்தாடையை முன்னாடி நிறுத்துற கருவி. 1908ல டென்மார்க்ல விக்கோ ஆண்ட்ரெசன், கோடை விடுமுறைக்குத் தன் மகளின் பல் கிளிப்பைக் கழட்டிட்டு, ராத்திரி மட்டும் போட்டுக்க ஒரு தளர்வான தாடைக் கருவி செஞ்சு கொடுத்தார். பல் பழைய இடத்துக்குத் திரும்பாம இருந்தா போதும்னு நினைச்சார். லீவு முடிஞ்சு பார்த்தா, இன்னும் நல்லாவே நகர்ந்திருந்தது. அவர் பின்னாடி ஆஸ்லோவுல பேராசிரியரானார். ஹைபெர்க்கோட அதே ஊர்.

இவங்க இலக்கு வளர்ற பிள்ளைங்களோட பல்லும் தாடையும். ஆனா ராபின் ஒரு படி தாண்டினார். 1923ல, சின்னத் தாடையோட பிறக்கிற குழந்தைகளுக்கு நாக்கின் அடிப்பகுதி பின்னாடி விழுந்து மூச்சை அடைக்குதுன்னு எழுதினார். அந்தக் குழந்தைகளின் நிலைக்கு இன்னைக்கும் அவர் பேர்தான். அவர் கொஞ்சம் ஓவராவும் போனார். நாக்கு விழுறதுதான் காரணம்னு ஏகப்பட்ட நோயை அதுமேல ஏத்தினார். ஆனாலும் ஒரு பல் மருத்துவர் தாடையைப் பார்த்து, அதுக்குப் பின்னாடி இருக்கிற மூச்சுப் பாதையையும் பார்த்தார்ங்கிறது பெரிய விஷயம். கருவி கையில இருக்கு, காரணமும் தெரியும். பெரியவங்களோட தூக்கத்தை மட்டும் யாரும் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கலை.

மூணு ஏஸ், ரெண்டு கிங்

குறட்டையை உலகம் பார்த்த விதம் நம்ம வீட்டு மிமிக்ரிதான். நமக்குக் கும்பகர்ணன் இருக்கார். இங்கிலாந்துக்கு ஜோன்னு ஒரு பையன். 1836, 37ல சார்லஸ் டிக்கன்ஸ் எழுதின "தி பிக்விக் பேப்பர்ஸ்" நாவல்ல வர்ற குண்டுப் பையன். வேலை சொன்னா நின்னுக்கிட்டே தூங்குவான், குறட்டை விடுவான். வாசகர்கள் விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

1956ல அமெரிக்காவுல பாஸ்டன் டாக்டர்கள் ஒரு கட்டுரை எழுதினாங்க. 51 வயசு பிசினஸ் எக்ஸிகியூட்டிவ், உடல் எடை ரொம்ப அதிகம். அவரை ஆஸ்பத்திரிக்கு வர வச்சது எது தெரியுமா? போக்கர் ஆட்டத்துல கையில மூணு ஏஸ், ரெண்டு கிங் வந்திருக்கு. ஜெயிக்கிற கை. அதை ஆடாமலே தூங்கிட்டார். இதுக்கு மேல ஆஸ்பத்திரிக்குப் போகாம இருக்க முடியாதுன்னு அவரே முடிவு பண்ணிட்டார். டாக்டர்கள் இந்த நிலைக்கு டிக்கன்ஸ் நாவலை நினைச்சு "பிக்விக் நோய்க்குறி"ன்னு பேர் வச்சாங்க.

பேர் நல்லா ஒட்டிக்கிச்சு. ஆனா அதுல ரெண்டு தப்பு ஒளிஞ்சிருந்தது. ஒண்ணு, இது குண்டா இருக்கிறவங்களோட நோய்ங்கிற எண்ணம். ரெண்டு, எடையால மூச்சு ஆழம் குறைஞ்சு, இரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு ஏறி, அதனால தூக்கம் வருதுங்கிற விளக்கம். பகல்ல நோயாளியைப் பார்த்தா அப்படித்தான் தோணும்.

1965லதான் டாக்டர்கள் ராத்திரி விழிச்சிருந்து பார்த்தாங்க. பிரான்ஸ்ல மார்செய் நகரத்துல ஹென்றி காஸ்டோவின் குழு, ஜெர்மனியில ஃப்ரைபர்க்ல யுங், கூலோ. ரெண்டு குழுவும் தனித்தனியா, தூங்குற நோயாளியின் மூளை அலையையும் மூச்சையும் சேர்த்துப் பதிவு பண்ணாங்க. மூச்சு திரும்பத் திரும்ப நிக்கிறது காகிதத்துல அப்படியே தெரிஞ்சது. பாதை அடைக்குது, விழிப்பு வருது, மறுபடி அடைக்குது. பகல்ல தூங்கி விழுறதுக்குக் காரணம், ராத்திரி தூக்கம் துண்டு துண்டாகிறதுன்னு காஸ்டோ குழு சொன்னாங்க.

நாம சாஃப்ட்வேர்ல சொல்றதுதான். லாக் பார்க்காம டிபக் பண்ணக் கூடாது. இந்த நோய்க்கு முதல் லாக் 1965ல வந்தது. அப்புறம் 1970கள்ல ஸ்டான்ஃபோர்டுல கிறிஸ்டியன் கில்லெமினோவும் வில்லியம் டிமென்ட்டும் சேர்ந்து "ஸ்லீப் அப்னியா"ங்கிற பேரை நிலைநாட்டினாங்க. ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் இது வரும்னு தெரிஞ்சது. எடை பெரிய காரணம்தான். ஆனா தாடை சின்னதா, உள்வாங்கி இருந்தாலும் பாதை குறுகும். ராபின் குழந்தைகள்ட்ட பார்த்தது இதேதான்.

கழுத்துல ஓட்டை, மூக்குல காத்து

நோய் புரிஞ்சது. வைத்தியம்? கூலோவும் கூட்டாளிகளும் 1969ல கொடுத்த பதில், கழுத்துல துளை போட்டு மூச்சுக்குழாய்க்கு நேரா ஒரு குழாய் வைக்கிறது. பகல்ல மூடி போட்டு பேசலாம், ராத்திரி திறந்து வச்சுத் தூங்கலாம். அடைப்பு இருக்கிற இடத்தையே சுத்திப் போற பைபாஸ் ரோடு. அது பிரமாதமா வேலை செஞ்சது. ஆனா குறட்டைக்காகக் கழுத்துல ஓட்டை போட்டுக்க எத்தனை பேர் சம்மதிப்பாங்க?

1980 ஜூன்ல ஆஸ்திரேலியாவுல சிட்னியில ஒருத்தர் அப்படித்தான் மாட்டேன்னு சொன்னார். அவர் டாக்டர் காலின் சல்லிவன். வேற ஒண்ணு முயற்சி பண்ணலாமான்னு கேட்டார். நோயாளியின் மூக்குக்கு அச்சு எடுத்து மாஸ்க், அதைப் பசை வச்சு ஒட்டி, வேக்கம் கிளீனர் மாதிரி ஊதுற மோட்டார்ல இருந்து காத்து. அந்தக் காத்தழுத்தம் தொண்டையை உள்ளிருந்து விரிச்சுப் பிடிச்சது. அவர் அன்னைக்கு ராத்திரி அடைப்பில்லாம தூங்கினார். 1981ல "லான்செட்" இதழ்ல கட்டுரை வந்தது. இதுதான் சிபாப். எங்கப்பா பீரோ மேல தூக்கி வச்சது இதோட பேரன்.

சிபாப் எத்தனையோ லட்சம் பேரைக் காப்பாத்தியிருக்கு. இன்னைக்கும் தீவிரமான அப்னியாவுக்கு முதல் தேர்வு அதுதான். அதுல எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா அது வேலை செய்ய ஒரு நிபந்தனை இருக்கு. மாஸ்க் முகத்துல இருக்கணும்.

ஒரு மனநல டாக்டர், ஒரு நரம்பு டாக்டர், ஒரு பளுதூக்கும் வீரர்

இங்கதான் ஹைபெர்க்கோட கை திரும்ப வருது. 1982ல இருந்து 1985க்குள்ள, மூணு இடத்துல, மூணு விதமான ஆட்கள்.

சிகாகோவுல சார்லஸ் சாமெல்சன்னு ஒரு மனநல மருத்துவர். தன் குறட்டைக்காகத் தானே ஒரு கருவி செஞ்சுக்கிட்டார். உதட்டுக்கு முன்னாடி ஒரு மெத்துனு குமிழ், நாக்கு நுனியை அதுக்குள்ள விட்டா உறிஞ்சிப் பிடிச்சுக்கும். நாக்கு பின்னாடி போகாது. கனவு ஆராய்ச்சியில பேர் வாங்கின ரோஸலிண்ட் கார்ட்ரைட், அந்த ஊர்ல தூக்க ஆய்வகம் நடத்திட்டு இருந்தார். ரெண்டு பேரும் சேர்ந்து அப்னியா நோயாளிகள்ட்ட சோதிச்சு 1982ல எழுதினாங்க. கவனிங்க, நாக்கை இடுக்கியால இழுத்த பழைய வழி, வலியில்லாம திரும்பி வந்திருக்கு.

1984ல ஜெர்மனியில கார்ல்ஹைன்ஸ் மையர்-எவர்ட்னு ஒரு நரம்பியல் மருத்துவரும் கூட்டாளிகளும், கீழ்த்தாடையை முன்னாடி பிடிச்சு வைக்கிற வாய்க்கருவியை அப்னியாவுக்குக் காட்டினாங்க. ஜெர்மன் மொழியில அந்தக் கருவிக்கு ஒட்டின பேர் "எஸ்மார்க் பல்செட்"ங்கிற மாதிரி வரும். போர்க்களத்துல மயங்கினவரின் தாடையைப் பிடிச்ச அதே எஸ்மார்க். இதைப் படிச்சப்போ எனக்குப் புல்லரிச்சது. 100 வருஷத்துக்கு முன்னாடி டாக்டர் கையால பிடிச்சதை, இப்போ ஒரு பிளாஸ்டிக் துண்டு விடியுற வரைக்கும் பிடிக்குது.

மூணாவது ஆள்தான் எனக்குப் பிடிச்சவர். பீட்டர் ஜார்ஜ். அமெரிக்கப் பளுதூக்கும் வீரர். 1948 லண்டன் ஒலிம்பிக்ல வெள்ளி, 1952 ஹெல்சின்கியில தங்கம், 1956 மெல்போர்ன்ல மறுபடி வெள்ளி. பளு தூக்குறதுக்கு நடுவுல பல் வைத்தியமும் படிச்சார். ஹவாய்ல ஹொனலூலுவுல பல் சீரமைப்பு டாக்டரா இருந்தப்போ, தாடையை முன்னாடியும் கொஞ்சம் கீழயும் நிறுத்தி, வாய் வழியாவும் காத்து போக இடம் விட்டு ஒரு கருவி பண்ணார். 1985ல அவரும் டாக்டர் சோலும் "நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்" இதழுக்கு அதைப் பத்தி ஒரு கடிதம் எழுதினாங்க.

அடிப்படையில அது ராபினோட மோனோப்ளாக்குக்குச் சொந்தக்காரன். 80 வருஷமா பல் டாக்டர்களின் அலமாரியில இருந்த கருவிக்கு இப்போ புது வேலை கிடைச்சது. 1991ல அமெரிக்காவுல தூக்கப் பிரச்சனைகளைப் பார்க்கிற பல் மருத்துவர்கள் தனியா ஒரு சங்கமே ஆரம்பிச்சாங்க.

அடுத்த கட்டம் திருகாணி. ஒரே கட்டையா இருந்தா தாடையை எவ்வளவு தள்ளணும்னு முதல்லயே ஊகிக்கணும். கம்மியா தள்ளினா பலன் இல்லை, அதிகமா தள்ளினா காலையில வலி. 1990கள்ல டல்லஸ்ல கீத் தார்ன்டன், வான்கூவர்ல ஆலன் லோ மாதிரி ஆட்கள், மேல் பாதியும் கீழ் பாதியும் தனித்தனியா, நடுவுல திருகாணியோட கருவிகள் செஞ்சாங்க. வாராவாரம் மில்லிமீட்டர்ல ஒரு பங்கு நகர்த்தி, குறட்டையும் மூச்சுத்தடையும் குறையுற இடத்துல நிறுத்தலாம்.

எது ஜெயிச்சது?

1993ல அமெரிக்காவின் விஸ்கான்சின்ல டெர்ரி யங் குழு வெளியிட்ட ஆய்வு எல்லாரையும் உலுக்கிச்சு. நோயாளிகளை விட்டுட்டு, சாதாரணமா வேலைக்குப் போற 602 பேர், 30ல இருந்து 60 வயசு வரை உள்ளவங்களைத் தூங்க வச்சுப் பார்த்தாங்க. மணிக்கு 5 தடவைக்கு மேல மூச்சுத் தடங்கல் இருந்தது ஆண்கள்ல 24 சதவீதம், பெண்கள்ல 9 சதவீதம். கூடவே பகல் தூக்கமும் சேர்ந்து நோயா இருந்தது ஆண்கள்ல 4, பெண்கள்ல 2 சதவீதம். காமெடி கேரக்டரோட நோய்னு நினைச்சது பக்கத்து சீட்டுல உட்கார்ந்திருக்கு.

இது விளையாட்டு விஷயமும் இல்லை. கவனிக்காம விட்டா இரத்த அழுத்தம் ஏறும். வண்டி ஓட்டும்போது கண் சொருகும். 2022 பிப்ரவரியில இசையமைப்பாளர் பப்பி லஹிரி மும்பையில இறந்தப்போ டாக்டர்கள் சொன்ன காரணம் ஸ்லீப் அப்னியாதான்.

1995ல அமெரிக்கத் தூக்க மருத்துவச் சங்கம் வாய்க்கருவிக்கு முதல் வழிகாட்டுதல் கொடுத்தது. சாதாரணக் குறட்டைக்கும் லேசான அப்னியாவுக்கும் பயன்படுத்தலாம். அதைவிடத் தீவிரம்னா, சிபாப் ஒத்துக்காதவங்களுக்குக் கொடுக்கலாம். அதாவது கருவிக்கு ரெண்டாவது இடம்.

2013ல சிட்னியில, சிபாப் பிறந்த அதே ஊர்ல, ஒரு ஆய்வு. நடுத்தர, தீவிர அப்னியா உள்ள 126 பேர். ஒரு மாசம் சிபாப், ஒரு மாசம் வாய்க்கருவி. ராத்திரி எண்ணிக்கைப்படி சிபாப் தெளிவா முன்னாடி: மணிக்கு சராசரி 4.5 தடங்கல். வாய்க்கருவியில 11.1. ஆனா எவ்வளவு நேரம் போட்டாங்கன்னு கேட்டா தலைகீழ். சிபாப் ராத்திரிக்கு 5.2 மணி நேரம், வாய்க்கருவி 6.5 மணி நேரம். இரத்த அழுத்தத்துல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியலை. பகல் தூக்கத்துலயும் அப்படித்தான்.

அந்த ஆய்வை நான் எங்க வேலைப் பாஷையில இப்படிப் புரிஞ்சுக்கிட்டேன். ஒரு சர்வர் செம வேகம், ஆனா அடிக்கடி டவுன். இன்னொண்ணு கொஞ்சம் மெதுவு, ஆனா எப்பவும் ஓடுது. மாசக் கடைசியில கணக்குப் பார்த்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வேலைதான் முடிச்சிருக்கும். இது ஒரு மாசக் கணக்கு மட்டும்ங்கிறதையும் மறக்க வேண்டாம். தீவிர நோய்க்குச் சிபாப்பைக் கழட்டிட்டு இதை மாட்டுங்கன்னு நான் சொல்லலை. பீரோ மேல இருக்கிற மெஷின் யாரையும் காப்பாத்தாதுன்னு மட்டும் சொல்றேன்.

இதுக்கும் ஒரு விலை இருக்கு

தாடையை முன்னாடி பிடிச்சா, அது பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இழுப்பு முழுக்கப் பல் மேலதான் விழும். வருஷக்கணக்குல மேல் முன்பற்கள் உள்பக்கமும், கீழ் முன்பற்கள் வெளிப்பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா சாயும். கடி மாறும். தாடை மூட்டு வலி, எச்சில் ஊறல் ஆரம்பத்துல சகஜம். யோசிச்சுப் பாருங்க, ஆண்ட்ரெசன் தன் மகளுக்குச் சந்தோஷப்பட்ட அதே பல் நகர்வு, இங்க பக்கவிளைவு. கருவி மாறலை, நமக்கு வேண்டியது மாறிடுச்சு. அதனாலதான் இதை அளவெடுத்துச் செஞ்சு, அப்பப்போ கடியைப் பார்க்கிற பல் டாக்டர் வேணும். ஆன்லைன்ல வாங்கி வெந்நீர்ல போட்டுக் கடிக்கிறதுல அந்தக் கண்காணிப்பு கிடையாது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு. வாய்க்கருவி குறட்டைச் சத்தத்தை ரொம்ப நல்லா குறைக்கும். சத்தம் போனதும் நோயும் போயிடுச்சுன்னு நினைச்சுப்போம். சத்தம் குறைஞ்சு, மூச்சுத்தடை மிச்சம் இருக்கவும் வாய்ப்பு உண்டு. சர்வர் எரியும்போது அலர்ட்டை மட்டும் மியூட் பண்ற மாதிரி. அதனால வரிசை முக்கியம்: முதல்ல தூக்கப் பரிசோதனை, தூக்க மருத்துவரின் முடிவு, அப்புறம் பல் டாக்டர், கடைசியா கருவியை வாயில போட்டுக்கிட்டே இன்னொரு பரிசோதனை. அந்தக் கடைசிப் படியைத்தான் நிறையப் பேர் தாண்டிடறாங்க.

எங்க வீட்டுக்கு வர்றேன். அப்பா அச்சு கொடுத்தார், கருவி வந்தது. முதல் வாரம் பல் கூசுதுன்னு புலம்பல். ரெண்டு மாசம் திருகாணி. சத்தம் நின்னுடுச்சு. நாங்க எல்லாரும் குஷி. அம்மா மட்டும் இன்னும் தூங்கலை.

"என்னம்மா, அதான் சத்தமே இல்லையே?"

"அதான்டா பயமா இருக்கு."

அப்பதான் உறைச்சது. இத்தனை வருஷமா அவங்களுக்கு அமைதின்னாலே மூச்சு நின்னுடுச்சுன்னு அர்த்தம். இப்போ ராத்திரி முழுக்க அமைதி. நல்ல அமைதியா கெட்ட அமைதியான்னு காதால கண்டுபிடிக்க முடியாது. 1965ல மார்செய்ல ஒயர் ஒட்டிப் பார்த்ததுக்கு இதுதான் காரணம்.

ரெண்டாவது பரிசோதனைக்குப் போனோம், கருவியோட. எண் 7 வந்தது. பூஜ்யம் இல்லை, ஆனா 24ம் இல்லை. அப்பாவுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பல் டாக்டர்கிட்ட வேலை இருக்கு. ரிப்போர்ட்டை அம்மா வாங்கி, கண்ணாடி போட்டு, அந்த எண்ணை மட்டும் தேடிப் படிச்சாங்க. அன்னைக்கு ராத்திரி நான் தண்ணி குடிக்க எழுந்தப்போ அவங்க ரூம்ல ஒரு மெல்லிய சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தேன். குறட்டை விட்டது அம்மா.

அவங்களையும் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போகணும். பெண்களுக்கு 9 சதவீதம்னு நான்தானே இப்போ சொன்னேன்.

உங்க வீட்டுலயோ ரூம்லயோ யாராவது குறட்டை விட்டா, அடுத்த தடவை ரீல்ஸுக்கு ரெக்கார்ட் பண்ணாதீங்க. சத்தம் நடுவுல நிக்குதான்னு கேளுங்க. நின்னா எண்ணுங்க. அதைக் காலையில அவங்ககிட்ட சொல்லுங்க. தூங்குறவருக்குத் தன்னைப் பத்தித் தெரியாத ஒரே விஷயம் அதுதான்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். நல்லா தூங்குங்க.